பச்சைத் தொப்பியும் ஒரு தேன் கேக்கும்

கிளீவ்லாந்து,
மன்னிப்பு நாளுக்கு மூன்று நாள் முன்.

பாசமுள்ள ஃப்ரூமா அக்காவுக்கு, தம்பி லைபிஷ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கித்தெலும் உடம்பளவில் சௌக்கியம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம் புத்தாண்டுக்கு நீ அனுப்பிய தேன் கேக் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் அது இப்போது என் வீட்டில் இல்லை, ஸெலிக் வீட்டில் இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டுச் சிரிக்காதே. சிரித்தே ஆகவேண்டும் என்றால் போன் போட்டுச் சிரிக்காதே.

என் மூக்குக்கண்ணாடிக் கடையை மூடியதிலிருந்து எங்கள் ஜெப ஆலயத்து வாரமடலில் நான் ஒரு பத்தி எழுதி வருவது உனக்குத் தெரியும். அந்த வாரம் ஓதும் தோரா வேதப் பகுதியை எடுத்து அந்த வாரச் செய்தியோடு பொருத்திக் காட்டுவேன். போன மாதம் நகரசபை ஒரு பொதுக்கூட்டம் போட்டது. மூடிக் கிடக்கும் பழைய பள்ளிக்கூடத்தில் அகதிக் குடும்பங்களைக் குடிவைக்கலாமா, கூடாதா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்த நேரம். நான் எழுந்து, அந்நியனை வருத்தாதே, அவனிடம் அன்பு காட்டு என்று தோரா முப்பத்தாறு இடத்தில் சொல்கிறது என்றேன். கைதட்டினார்கள். கைதட்டல் எனக்கு ஆகாது, ஏழு வயதிலேயே ஆகவில்லை, நீ பார்த்திருக்கிறாய். எனக்கு அடுத்து ஸெலிக் எழுந்தான். முப்பது வருஷமாக ஜெப ஆலயத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரன், பாய்லர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன், அவனேதான். "அங்க யாரையும் கொண்டுவந்து வைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தான். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெயர் போடவில்லை அக்கா. பெயர் போடாவிட்டால் அது புறம்பேசுவது ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். 'மூன்றாம் வரிசையில் பச்சைத் தொப்பியோடு உட்கார்ந்து, ரபி பிரசங்கம் செய்தால் உறங்கி, ஊறவைத்த மீன் வாசனை வந்தால் விழித்துக்கொள்ளும் அன்பர் ஒருவருக்கு அகதியைக் கண்டால் ஆகவில்லை' என்று மட்டும்தான் எழுதினேன். கித்தெல் படித்துவிட்டு, "பேரையே போட்டிருக்கலாம், இடமாவது மிச்சமாயிருக்கும்" என்றாள். வாரமடல் வந்த அன்று ஆளாளுக்கு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஊரில் விஷயம் தெரியாத ஒரே ஆள் ஸெலிக்தான். அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை, பொடி எழுத்து எதையும் படிக்க முடியாது. புரை என்று பரிசோதித்துச் சொன்னவனே நான்தான். அவன் பாட்டுக்கு வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்து, வழிபாட்டுக்குப் பிந்தைய விருந்தில் தன் தட்டு மீனில் பாதியை எனக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

இப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மன்னிப்பு நாள் வருகிறதே. ஆண்டவனுக்குச் செய்த குற்றத்தை ஆண்டவன் மன்னிப்பான், மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தானே மன்னிக்க வேண்டும்? உன் கேக்கை எடுத்துக்கொண்டு ஸெலிக் வீட்டுக்குப் போய், மன்னித்துவிடு என்றேன். "எதுக்குடா?" என்றான். அந்தப் பத்திக்கு என்றேன். "எந்தப் பத்தி?" என்றான். அங்கேயே கேக்கை வைத்துவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும். ஆளுக்கே தெரியாத பழியை அவனிடம் போய்ச் சொல்லி மனத்தைப் புண்ணாக்குவது தனிப் பாவம் என்று சில பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். ரபி இதைச் சொன்னது மறுநாள். நான் அன்றைக்குப் பையிலிருந்து வாரமடலை எடுத்து, அவனுக்குத்தான் கண் தெரியாதே என்று, உரக்கப் படித்தும் காட்டினேன். நன்றாகவே படித்தேன் அக்கா. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படித்தேன்.

பலர் முன் ஒருவன் முகத்தை வெளுக்கச் செய்வது அவன் இரத்தத்தைச் சிந்துவதற்குச் சமம் என்று அதே பத்தியில் மூன்று வாரம் முன்பு நானே எழுதியிருந்தேன். அதை ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ஸெலிக் முகம் நிஜமாகவே வெளுத்தது. அடுப்படியில் அவன் மருமகள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் பேசினதை முழுசாக் கேட்டியா?" என்றான்.

இல்லை என்றேன்.

"அந்தப் பள்ளிக்கூடத்தைச் சூடாக்குற பாய்லர்ல விரிசல். குழந்தை குட்டியோட வந்து படுத்தா புகையிலயே போயிடுவாங்க. அதைச் சரிபண்ணாம யாரையும் வைக்கக் கூடாதுன்னேன். நானே வந்து சரிபண்ணித் தர்றேன்னும் சொன்னேன். நீதான் எழுதப் போயிட்டியே."

கண் சரியில்லாதவன், கையால் தடவித் தடவி, காலையெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்து நிலவறையில் வேலை செய்திருக்கிறான். அடுத்த வாரம் குடும்பங்கள் வருகின்றன. முப்பத்தாறு இடத்தை எண்ணிச் சொன்ன நான் அங்கே ஒரு நாற்காலியைக்கூடத் தூக்கி வைக்கவில்லை. மன்னித்துவிடு என்று மறுபடி கேட்டேன், அவன் கேக்கை ஓரமாகத் தள்ளி வைத்தான். மூன்று முறை கேட்டும் மன்னிக்காவிட்டால் கேட்டவன்மேல் குற்றமில்லை என்பது நம் வழக்கம் அல்லவா, மூன்றாவது முறை நான் வாய் திறப்பதற்குள், "எண்ணாதேடா லைபிஷ்" என்றான். பிறகு, "மன்னிச்சுட்டேன். ஆனா இனிமே என்னைப் பத்தி எழுதாத. நல்லதாக்கூட எழுதாத" என்றான். வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஓய்வுநாளில் ஸெலிக் ஜெப ஆலயத்துக்கு வந்தான். அந்தப் பச்சைத் தொப்பி அவன் மனைவி சாவதற்கு முந்தின வருஷம் வாங்கிக் கொடுத்தது. அதைப் போடாமல், சாதாரணக் குல்லாவோடு, ஐந்தாம் வரிசையில் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு மீன் எனக்கு இறங்கவில்லை. மன்னிப்பு நாளன்றாவது அவன் தொப்பியோடு என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேண்டிக்கொள்கிறேன். சின்ன வயதில் "வாயை மூடுடா" என்று நீ என்னை அடித்ததெல்லாம் போதவில்லை அக்கா.

மேலே ஆண்டவன் முன் திறந்திருக்கும் ஏட்டில் உன் பெயரும் அத்தான் பெயரும் நல்ல பக்கத்தில் எழுதப்படட்டும். என் பெயர் எந்தப் பக்கம் என்று நான் கேட்கப்போவதில்லை. கித்தெல் உங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தலைகுனிந்த தம்பி,
லைபிஷ்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்த்தேன். நானே சொல்லக் கூடாது, ஆனால் வெட்கத்தைப் பற்றி இவ்வளவு உருக்கமாக எங்கள் வாரமடலில் இதுவரை யாரும் எழுதியதில்லை. ஊருக்குப் பயன்படட்டும் என்று மன்னிப்பு நாள் இதழுக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டேன், அச்சுக்கும் போய்விட்டது. நீ கவலைப்படாதே. நகலில் ஸெலிக் பெயர் எங்கும் இல்லை, தொப்பியைக்கூட நீலம் என்று மாற்றிவிட்டேன். கித்தெலிடம் சொன்னேன். இன்னொரு தேன் கேக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருக்கிறாள்.