மாதாவுக்கு அளவுச் சட்டை

லிங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மைக்கல்ராஜுக்கு இரண்டு வேலை. வருஷம் முழுக்கக் குலை ஏற்றும் லாரி ஓட்டுவார். டிசம்பர் பிறந்தால் டைரக்டர் ஆகிவிடுவார்.

தோட்டத்து மாதா கோயிலில் கிறிஸ்மஸுக்கு உயிர்க்குடில் போடுவது அவர் பொறுப்பு. பொம்மைகளுக்குப் பதில் பிள்ளைகளே மாதாவாகவும் சூசையப்பராகவும் ராஜாக்களாகவும் ஆடுகளாகவும் வேஷம் கட்டி அசையாமல் இருப்பார்கள். பூசை முடிந்ததும் சனங்கள் வரிசையாக வந்து முழந்தாளிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். குடிலில் ஆடுகள்கூட ஆடக்கூடாது என்பது டைரக்டரின் கண்டிப்பான உத்தரவு.

இந்த வருஷம் அவர் ஒரு பெரிய முடிவு எடுத்திருந்தார். என்ன ஆனாலும் சரி, மாதா வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். வருஷா வருஷம் வெள்ளையாகத்தான் இருந்தார், அது வேறு விஷயம். இந்த வருஷம் ஆபத்து வீட்டுக்குள்ளேயே முளைத்திருந்தது. ஆபத்தின் பெயர் சூசையம்மாள், அவருடைய மனைவி.

"ஏங்க, இந்த வருஷம் நம்ம ஃபெலிசியா மாதாவா உக்காரட்டும்."

"அவ மாதாவா உக்காந்தா கறுப்பு ராஜாவுக்கு நான் எங்க போறது?"

"அவ உங்க மகளா, இல்ல ராஜாவுக்கு நேந்து விட்டவளா?"

"நல்லா நடிக்கிறா லா! பழகின ஆளு!"

"நிக்கிறதுல என்னாங்க நடிப்பு? அடுத்த வருஷம் கோலாலம்பூருக்குப் படிக்கப் போயிருவா. இதான் கடைசி."

மைக்கல்ராஜ் பசியாறும் தட்டைத் தள்ளிவிட்டு லாரிச் சாவியைத் தேடினார். பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்குச் சாவி தொலைந்துவிடும்.

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் ஒருவர் கறுப்பு. சின்ன வயசிலிருந்து அந்த ஒருவர் ஃபெலிசியாதான். "இவளுக்கு மேக்கப்பே வேணாம், தாடி ஒட்டினா போதும்" என்று எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். தாடிக்குள்ளே சிரித்தாளா இல்லையா என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

மாதா வேஷம் எப்போதும் ஜோஆனுக்கு. கோயில் கமிட்டித் தலைவர் யூஜினின் மகள். யூஜின் ராசா டவுனில் வீடு வாங்கிப் போய்விட்டாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏசி போட்ட காடியில் வந்து இறங்குவார். ஜோஆன் உரித்த முட்டை மாதிரி இருப்பாள். ஒத்திகைக்கு அவள் வந்தால் நாற்காலி வரும், குடிக்க மைலோ வரும், "வெயில்ல நிக்காதம்மா, கறுத்துருவ" என்ற கரிசனம் வரும். அதே வயசு ஃபெலிசியா வந்தால், "நல்ல வேளை வந்த, அந்த பெஞ்சைத் தூக்கி வெளிய போடு" என்பார்கள். வெயில் அவளை இனிமேல் என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. யூஜினின் அக்காள் அந்தோணியம்மா, கோயில் சமையலுக்கு அதிகாரி, பாசமாகத்தான் கூப்பிடுவார்: "ஏ கரிச்சட்டி, இங்க வா, வெங்காயம் உரி!"

மைக்கல்ராஜ் இதையெல்லாம் பார்க்காதவர் இல்லை. அவரும் அதே நிறம்தான். அதனாலேயே, மகளை நடுவில் உட்கார வைத்து ஊரே பார்க்கத் திரையைத் திறக்க அவர் தயாராக இல்லை.

ஆகவே அவர் ஒரு திட்டம் போட்டார். அவரே தன் முதுகில் தட்டிக்கொள்ளும் அளவுக்கு நல்ல திட்டம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்தார். "இந்த வருஷம் மாதாவுக்குப் புது உடுப்பு தைக்கிறோம். சிபாரிசு கிடையாது. சண்டை கிடையாது. அந்த உடுப்பு எந்தப் பிள்ளைக்குச் சரியா உக்காருதோ, அந்தப் பிள்ளைதான் மாதா!"

"இதைவிட நியாயம் உண்டா!" என்றார் ஃபாதர். எல்லாரும் கை தட்டினார்கள். சூசையம்மாள் எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டினாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஜோஆனின் ரோஸ் நிறக் கவுன் ஒன்றை அளவுச் சட்டையாக வாங்கி ஏற்கெனவே வீட்டில் பதுக்கி வைத்திருந்தார். லிங்கியில் தைக்கக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் சூசையம்மாள் காதுக்குப் போய்விடும். போர்ட்டிக்சனில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் போய்விடும். அதனால் மந்தின் வரைக்கும் போய், தெரியாத தையல்கடையாகப் பார்த்துக் கொடுப்பது என்று முடிவு கட்டினார். கவுனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, மோட்டார் சைக்கிளில் மாட்டினார். ஒரு வாய் காப்பி குடிக்க உள்ளே போனார். வந்தார். ஏறினார். பறந்தார்.

மந்தினில் பரீதா என்ற அம்மா தையல்கடை வைத்திருந்தாள். பையை அவள் மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இதே அளவு. ஒரு நூல்கூட கூடக்கூடாது, குறையக்கூடாது."

"அண்ணே, கொஞ்சம் லூசா தைக்கட்டுமா? வேற பிள்ளையும் போடலாமே?"

"வேற பிள்ளை போடக்கூடாதுன்னுதான் அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கேன்!"

உடுப்பு வந்தது. வெள்ளை அங்கி, நீல முக்காடு. அவ்வளவு அழகு. கோயில் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். மைக்கல்ராஜ் ரொம்ப நியாயஸ்தர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "முதல்ல ஜோஆன் போட்டுப் பாக்கட்டும்" என்றார்.

ஜோஆனின் தலை உள்ளே போனது. அதற்குமேல் உடுப்பு போகவில்லை. அந்தோணியம்மா கீழே பிடித்து இழுத்தார். யூஜினின் மனைவி மேலே பிடித்து அமுக்கினார். உள்ளேயிருந்து, "மூச்சு முட்டுது லா!" என்று மாதா அலறினார்.

மற்றப் பிள்ளைகளில் ஒருத்திக்கு அது தரையைக் கூட்டியது, ஒருத்திக்கு முழங்காலோடு நின்றது. கடைசியில் பெஞ்சு தூக்கிக்கொண்டிருந்த ஃபெலிசியாவைக் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். போட்டாள். ஊற்றி வைத்ததுபோல் உட்கார்ந்தது.

மைக்கல்ராஜ் கோயில் பின்பக்கம் ஓடிப்போய் மந்தினுக்கு ஃபோன் போட்டார்.

"தங்கச்சி, என்னா அளவுல தைச்ச?"

"நீங்க குடுத்த அளவுச் சட்டைதான் அண்ணே. பச்சைப் பூப் போட்ட கவுன். சட்டையை உடுப்போடதான் திருப்பி வச்சிருக்கேன், பாருங்க."

பச்சைப் பூக் கவுன். ஃபெலிசியாவுக்குச் சிரம்பானில் அவரே வாங்கிக் கொடுத்தது. திரும்பினார். சூசையம்மாள் பின்னால் நின்றிருந்தாள்.

"பையை மாத்துனியா?"

"எந்தப் பை?"

"மோட்டார்ல மாட்டின பை!"

"ஓ, அதுவா? பழைய துணின்னு நெனச்சு எடுத்து வச்சேன். உங்க மோட்டார் சும்மாப் போகக்கூடாதேன்னு வேற ஒண்ணு மாட்டிவிட்டேன். ஆமா, மந்தின்ல உங்களுக்கு என்னாங்க வேலை?"

அவர் சாவியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

மைக்கில் சொன்ன சட்டத்தை மாற்ற வழியில்லை. யூஜின் முகம் சுண்டிப்போனது. ஆனால் ஜோஆன் துள்ளிக் குதித்தாள். "அங்கிள், நான் ராஜாவா வர்றேன்! மாதான்னா தலையே தூக்க முடியாது, போர் லா. எனக்கு அந்தத் தாடி வேணும்!"

"கறுப்பு ராஜா எப்பிடிம்மா வெள்ளையா..."

"வெயில்ல நடந்து வந்தவங்க கறுத்தாங்க. இவ காடியில வந்த ராஜா" என்றாள் சூசையம்மாள்.

மைக்கல்ராஜ் அத்தோடு விடவில்லை. ராசா டவுனுக்குப் போனார். கடையில் இருப்பதிலேயே வெளுத்த பவுடராகப் பார்த்து, பெரிய டப்பாவாக வாங்கிவந்தார்.

"இதைப் பூசிவிடு சூசை. கொஞ்சமாச்சும் கலர் ஏறட்டும்."

"எதுக்கு?"

"சிரிப்பாங்க."

"யாரு சிரிப்பா?"

"எல்லாரும்தான். பள்ளிக்கூடத்துல என்னைய முன் பெஞ்சுல உக்கார விடமாட்டாங்க, போர்டுக்கு முன்னால போர்டு வேணாம்னு சொல்லிச் சிரிப்பாங்க. நான் தாங்கிக்கிட்டேன். அவ நடுவுல உக்காந்திருக்கும்போது ஒருத்தன் சிரிச்சாலும் என்னால தாங்க முடியாது."

இதை அவர் சொல்லி சூசையம்மாள் கேட்டதே இல்லை. அவள் கையை நீட்டினாள்.

"டப்பாவைக் குடுங்க. நான் பாத்துக்கிறேன்."

கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம். ஃபாதர் மற்றத் தோட்டங்களுக்கும் போக வேண்டும் என்பதால் இங்கே வெயில் தாழும்போதே பூசை. பூசை முடிந்து சனங்கள் குடிலின் முன்னால் கூடினார்கள். திரைக் கயிறு டைரக்டர் கையில். இழுத்தார். இழுத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதல் சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

சிரிப்பு வரவில்லை. இருமல்கூட வரவில்லை. அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தையும் நிறுத்திவிட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

மகள் முகத்தில் ஒரு பொட்டுப் பவுடர் இல்லை. ஆடுகள் மட்டும் கண்ணைக் கூசும்படி வெளுத்திருந்தன. டப்பா மொத்தமும் அங்கேதான் போயிருந்தது.

மைக்கல்ராஜ் இரண்டாவது கண்ணையும் திறந்தார்.

நீல முக்காட்டுக்குள் அந்தக் கறுத்த முகம் குழந்தையின் மேல் குனிந்திருந்தது. விளக்கு வெளிச்சம் நெற்றியிலும் கன்னத்திலும் மினுங்கியது. குளிரில் பிறந்த பிள்ளைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தாய் இருந்தால் போதும், வேறு கம்பளி வேண்டாம் என்று தோன்றியது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவளா? குளியலறை வாசலில் தினமும் தன்னோடு சண்டை போடும் இந்தப் பிள்ளையா? இத்தனை அழகை இத்தனை வருஷமும் ஒரு தாடிக்குள்ளேயா ஒட்டி வைத்திருந்தேன்?

ஃபாதர் தூபக் கலசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்ட மறந்து நின்றார். யூஜின் படம் எடுக்க ஃபோனைத் தூக்கியவர் மெல்ல இறக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்தோணியம்மா வலிக்கிற முட்டியை மடக்கி மண்ணில் இறங்கினார். "தாயே, மாதாவே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கரிச்சட்டி என்று கூப்பிட்ட அதே வாய். அந்த வாய் நடுங்குவதை மைக்கல்ராஜ் பார்த்தார்.

குலை வெட்டுகிறவர்கள், லாரிக்காரர்கள், வெயிலில் காய்ந்து கறுத்த அத்தனை பேரும் வந்தார்கள். வழக்கமாகக் கும்பிட்ட கையோடு பிரியாணிக்கு ஓடுகிற கூட்டம். இன்றைக்கு முழந்தாளிட்டவர்களுக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. பிரியாணிச் சட்டி தனியாக ஆறிக்கொண்டிருந்தது.

"சிரிச்சாங்களா?" என்று காதோரம் கேட்டாள் சூசையம்மாள்.

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்பறம் என்னா நிக்கிறீங்க? போயி நீங்களும் கும்பிடுங்க."

"நான் டைரக்டர்..."

"டைரக்டரும் வரிசையிலதான் போகணும்."

போனார். நின்றார். அவர் முறை வந்தபோது வேட்டி அழுக்காவதைக்கூட நினைக்காமல் மண்ணில் முழந்தாளிட்டார். மகளுக்கு நிறம் கொடு என்று ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இதே இடத்தில்தான் வேண்டிக்கொள்வார். இன்றைக்கு வேண்டிக்கொள்ள ஒன்றுமே தோன்றவில்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. "தாயே..." என்றார்.

குனிந்த தலை நிமிராமல், மாதாவின் உதடுகள் லேசாக அசைந்தன. மைக்கல்ராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைகளைக் குவித்து, இன்னும் கிட்டே சாய்ந்தார்.

"அப்பா, பின்னால நெறைய பேரு நிக்கிறாங்க லா. கொஞ்சம் நகருங்க."