மாமாவின் ஏலக்காயும் என் கிழட்டு நட்சத்திரமும்

தெரிந்ததைப் பேசுகிறவனை ஊர் பொறுத்துக்கொள்ளும். தெரிந்ததையெல்லாம் பேசுகிறவனுக்குப் பெண் கொடுக்காது. எண்பதுகளின் கடைசியில் நான் இரண்டாவது ரகம். மதுரையில் ஆராய்ச்சி மாணவன். கிழட்டு நட்சத்திரங்கள் வெளியே ஊதித் தள்ளும் வாயுவில் பாஸ்பரஸ் எதனோடு சேரும், நைட்ரஜனோடா கார்பனோடா என்று காகிதத்தில் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. (போடியில் விசாரித்தவர்களிடம் அம்மா, "உரக் கம்பெனி மாதிரி" என்று சொல்லிவைத்திருந்தாள்.)

குரங்கணிக்கு மேலே மாமாவுக்கு ஏலத்தோட்டம் இருந்தது. அவர் மகள் செல்வி எனக்கு முறைப்பெண். அவள் சம்மதத்தைக் கேட்டுவரப் போனேன் என்றால் அது பொய். சம்மதம் என் சட்டைப்பையில் இருக்கிறது என்ற நினைப்பில்தான் போனேன். ஜீப்பை ஓட்டியது என் தம்பி முருகேசன். பத்தாம் வகுப்பில் தோற்றவன் என்பதால் வழியெல்லாம் அவனுக்கு அறிவுரை சொன்னேன்.

அன்று காய் உலர்த்தும் நாள். அறைக்குள் தட்டுத்தட்டாகப் பச்சை ஏலக்காய். அடுப்பு வெளியே, அதன் சூடு தகரக் குழாய் வழியே உள்ளே போகும். சூடு மிஞ்சினால் பச்சை வெளுத்துவிடும், போடியில் ஏலம் விடும்போது ஒருவரும் தொடமாட்டார்கள்.

"மாப்ளே, பறிக்கிற ஆளுகளப் பாத்துட்டு வர்றேன். வெறகப் பையப் பையப் போடுங்க, அம்புட்டுத்தான் சோலி" என்றார் மாமா.

செல்வி காப்பி கொண்டுவந்தாள். கேட்க ஆள் கிடைத்ததும் எனக்குப் பேய் பிடித்துவிட்டது. இந்த அடுப்புதான் நட்சத்திரம், இந்தக் குழாயில் போவதுதான் அது வெளியே தள்ளும் காற்று என்று ஆரம்பித்தேன். தள்ளிப் போகப் போகக் காற்று குளிரும், அப்போதுதான் பாஸ்பரஸ் ஜோடி தேடும் என்றேன். (இதை மிக நாசூக்கான காதல் பேச்சு என்று நம்பினேன்.) முக்கியமான இடம் வரும்போதெல்லாம் அடுப்பில் ஒரு கட்டையைச் செருகினேன். முக்கியமான இடங்கள் நிறைய இருந்தன.

"சூடு கூடுதாப்புல இருக்கே, மச்சான்."

"இதெல்லாம் ஒரு சூடா? அங்கே ரெண்டாயிரம் டிகிரி."

"அங்க ஏலக்கா காயுதா?"

நல்ல கேள்வி என்று பாராட்டி, இன்னொரு கட்டையைச் செருகினேன்.

கருகல் வாசனை வந்ததும் முருகேசன் என்னைத் தள்ளிவிட்டு விறகை வெளியே இழுத்துப் போட்டான். செல்வி கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். இருவருமாகத் தட்டுகளை வெளியே தூக்கிவந்தார்கள். பாதிக்கு மேல் வைக்கோல் நிறத்தில் வெடித்துக் கிடந்தன. நான் காப்பி டம்ளரும் கையுமாக நின்றேன். குழாயின் விட்டம் போதாது என்று குறை சொன்னதாகவும் ஞாபகம்.

மாமா வந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செல்விதான் சொன்னாள்.

"அப்பா, எங்கிட்டோ சாகக் கெடக்குற நட்சத்திரத்துல என்ன நடக்குதுன்னு இவுகளுக்குத் தெரியுது. காலடியில எரியுற அடுப்பு தெரியல. எனக்கு வேண்டாம்."

வலித்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை என்பது அதைவிட வலித்தது.

மூத்தவன் நான் இருக்க, அடுத்த தையில் அவள் முருகேசனைக் கட்டிக்கொண்டாள். பந்தியில் சாம்பார் வாளி தூக்கினேன்; சமையல் கொட்டகைப் பக்கம் மட்டும் என்னை ஒருவரும் விடவில்லை.

பிறகு எனக்கும் கல்யாணமானது. புதுப்பெண் வீட்டுக்கு வந்த முதல் வாரமே செல்வி அவளிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் நான் "அதாவது" என்று வாயைத் திறந்தால், என் மனைவி எழுந்துபோய் காஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்துதான் உட்காருகிறாள்.