கம்ப்யூட்டருக்குக் காற்று பட்ட கதை

மனிதன் பிறந்தால் மட்டும் போதாது, அந்தப் பிறப்பு ஆறு மாதத்துக்கு மேல் பழசாகாமலும் இருக்க வேண்டும் என்னும் பேருண்மையைக் கட்டிக்காத்து வருவது கலினோவோ நகராட்சியின் பதிவு அலுவலகம். செர்பியாவில் எதற்குப் போனாலும் பிறப்புச் சான்று கேட்பார்கள். போன வருஷம் வாங்கியதை நீட்டினால், "இது பழசு, புதுசு வாங்கிட்டு வா" என்று திருப்பித் தருவார்கள். நடுவில் ஒருவர் பிறக்காமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டல்லவா? அரசாங்கம் அசட்டையாக இருக்க முடியுமா?

இந்த மகத்தான பணி முழுவதையும் ஒரே ஒரு கம்ப்யூட்டர் தாங்கிக்கொண்டிருந்தது. வயது பதினேழு. அதற்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் பழைய விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். பதிவேடு பழையதில்தான் திறக்கும், ஏனென்றால் அதை எழுதிக் கொடுத்த ஆள் கனடாவுக்குப் போய்விட்டார். பிரிண்டர் புதியதில்தான் ஓடும், ஏனென்றால் பழையதை அது மதிப்பதே இல்லை. ஆகவே பதிவாளர் ஸ்லோபோதங்கா அம்மையார் பழையதைத் திறந்து, பிறந்தவரின் விவரத்தைத் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடுவார். "எதில் போக வேண்டும்?" என்று அது கேட்கும். புதியதைத் தேர்ந்தெடுத்து, சீட்டைப் பார்த்துத் தட்டி அச்சடிப்பார். நடுவில் ஒரு காப்பி. இந்த ஏற்பாட்டுக்கு "மின்னாளுகை" என்று பெயர். திறப்பு விழாவில் ரிப்பன்கூட வெட்டினார்கள்.

ஒரு டிசம்பர் திங்கட்கிழமை கம்ப்யூட்டர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டது. பட்டனை அழுத்தினால் நேரே பழையதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெயர் தெரிந்தது, அச்சு வரவில்லை.

அன்றைக்கென்று பார்த்து வந்து நின்றாள் நெவேனா. உள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்லோவேனியாவில், லுப்லியானா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை புதுப் பிறப்புச் சான்றோடு போய் நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. பஸ் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு.

"இன்னிக்கு முடியாதும்மா," என்றார் ஸ்லோபோதங்கா.

"நான் பொறந்தது உங்களுக்குத் தெரியாதாக்கா? எதிர் வீட்லதானே இருக்கீங்க. எனக்குப் பல்லு முளைச்சதைப் பாத்தவங்க நீங்க."

"எனக்குத் தெரியும்டி. ஆபீசுக்குத் தெரியணுமே!"

ஆளனுப்பி வுகோமானைக் கூட்டி வந்தார்கள். எனாமல் பாத்திரத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். தொழிற்சாலையை மூடியபின் நகராட்சியில் "தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர்" ஆனார். பதவிதான் மாறியது, திருப்புளி அதேதான். கம்ப்யூட்டரின் மூலையில் தேதியைப் பார்த்தார். பதினேழு வருஷம் பின்னால் நின்றது. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உள்ள ஒரு பொத்தான் பேட்டரி இருக்கு, அது செத்துப்போச்சு. தீயணைப்பு விதின்னு சொல்லி தினமும் சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கறீங்களா? கரண்டும் இல்ல, பேட்டரியும் இல்ல. எந்த டிஸ்க்கை முதல்ல பாக்கணும்ங்கறதையே அது மறந்துடுது. அந்தக் கேள்வியைக் கேக்கறதே ரெண்டாவது டிஸ்க்குதான். பேட்டரி மாத்தி, அதை முன்னால வெச்சா தீந்துது. பத்து நிமிஷம்."

திருப்புளியை எடுத்தவரின் கையை ஸ்லோபோதங்கா பிடித்துக்கொண்டார். "ஐயோ, தொட்டுடாதீங்க! துறைத் தலைவர் வரட்டும்."

துறைத் தலைவர் ரத்தோமிர் வந்தார். வுகோமான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "பத்து நிமிஷத்துல சரியாகறது ஒரு பழுதா? அப்படிச் சரி பண்ணிட்டா, அத்தனை சுலபமான வேலைக்கு எதுக்கு ஒரு துறை, ஒரு தலைவர்னு கேக்க மாட்டாங்க? விசாரணைக் கமிஷன் போடுவோம்," என்றார். எவ்வளவு தொலைநோக்கு!

செவ்வாய்க்கிழமை கமிஷன் கூடியது. தலைவர் ரத்தோமிர், உறுப்பினர் ஸ்லோபோதங்கா. மூன்றாவது ஆளாக நகராட்சியின் கால்நடைப் பரிசோதனை மருத்துவர். அந்தக் கட்டடத்திலேயே "பரிசோதனை" என்ற சொல் பதவிப் பெயரில் இருந்தது அவருக்கு மட்டும்தான். அவர் கம்ப்யூட்டரின் விலாவில் கை வைத்துப் பார்த்து, "லேசா சூடு இருக்கு," என்றார். குறித்துக்கொண்டார்கள்.

"திங்கட்கிழமைக்கு முன்னாடி ஏதாவது அசாதாரணமா நடந்துச்சா?" என்று கேட்டார் ரத்தோமிர்.

ஸ்லோபோதங்கா தொண்டையைச் செருமினார். "வெள்ளிக்கிழமை வுகோமான் ஜன்னலைத் தொறந்தார் சார். என் சிகரெட் புகை அவருக்கு ஒத்துக்கலையாம். அப்ப கதவும் தொறந்திருந்துது."

கால்நடை மருத்துவர் தன் கழுத்து மப்ளரை இறுக்கிக்கொண்டார். ஜன்னலுக்கும் கதவுக்கும் குறுக்கே ஓடும் காற்றுக்கு அங்கே "ப்ரொமாயா" என்று பெயர். கழுத்துப் பிடிப்பு, பல்வலி, மலட்டுத்தனம், விவாகரத்து எல்லாம் அதனால்தான் வருகின்றன என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். காத்து கருப்புக்காவது வேப்பிலை உண்டு, ப்ரொமாயாவுக்குப் போர்வை ஒன்றே மருந்து.

"சார், அது பேட்டரி..." என்று ஆரம்பித்தார் வுகோமான்.

"நீங்க ஜன்னலைத் தொறந்த ஆளு. உங்க கருத்து பாரபட்சமானது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நோய்வாய்ப்பட்ட ஊழியருக்கென்று முன்பே அச்சடித்து வைத்திருந்த ஓய்வுப் படிவத்தின் கடைசித் தாளில் மூவரும் கையெழுத்திட்டார்கள்: கம்ப்யூட்டருக்குக் காற்று பட்டிருக்கிறது. ஜன்னலை அடைத்து, கம்பளிச் சால்வை போர்த்தி, முப்பது நாள் ஓய்வில் வைக்க வேண்டும். அதுவரை பழுதை யாரும் தொடக்கூடாது.

வுகோமான் வெளியே வந்தபோது நெவேனா காத்திருந்தாள். "என்ன மாமா சொன்னாங்க?"

"சால்வை போத்திருக்காங்க."

"யாருக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு வருஷம் ஸ்லோவேனிய பாஷை படிச்சேன் மாமா. வார்டுல ஊசி போட்டுக்கிட்டே மனப்பாடம் பண்ணேன். எல்லாம் இந்த ஒத்தைத் தாளுல போயிடுமா?"

போன குளிர்காலத்தில் வுகோமானுக்கு நிமோனியா வந்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். "வீட்டுக்குப் போ பாப்பா. நாளைக்கு மூணு மணிக்கு வா," என்றார்.

புதன்கிழமை ரத்தோமிர் வீட்டு ஸ்லாவா. குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள். அதற்கு அழைப்பு வைக்க மாட்டார்கள், எல்லோரும் தாமாகவே போய்ச் சாப்பிட வேண்டும். அலுவலகம் மொத்தமும் பத்து மணிக்கே தன் கடமையை ஆற்றக் கிளம்பிவிட்டது. "யாராவது சால்வை நழுவாம பாத்துக்கணுமே," என்று வுகோமான் தங்கிவிட்டார். அந்தத் தியாகத்தை எல்லோரும் மெச்சினார்கள்.

ஆளரவம் அடங்கியதும் சட்டைப்பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தார். மனைவியின் சமையலறை எலக்ட்ரானிக் தராசிலிருந்து காலையில் கழற்றி வந்தது. பத்து நிமிஷம் என்று சொன்னவருக்குப் பதினோரு நிமிஷம் ஆயிற்று, சால்வையை மறுபடி போர்த்த வேண்டியிருந்ததே!

மூன்று மணிக்கு ஸ்லோபோதங்கா திரும்பி வந்தார். வயிறு நிறைய முட்டைக்கோஸ் உருண்டை, முகம் நிறையப் பிராந்தி. சால்வை வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆவலில் பிளக்கைச் சொருகிப் பட்டனை அழுத்தினார். திரை கேட்டது: "எதில் போக வேண்டும்?"

"வுகோமான்! கேக்குதுங்க!"

"ஆமா, கேக்குது."

"சால்வைதான்!"

"சால்வையேதான்."

கம்ப்யூட்டர் கேட்டால் பதில் சொல்வது பதிவாளரின் கடமை. பென்சில் சீட்டு, காப்பி, அச்சு, முத்திரை. சான்று எண் 412. காத்திருந்த நெவேனா, ஊர் வழக்கப்படி வுகோமானின் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டுவிட்டு ஓடினாள்.

வியாழக்கிழமை மதியம், திருநாள் களைப்புத் தீர்ந்து ரத்தோமிர் வந்தார். பிளக்கைப் பிடுங்கி வைத்த இரவு கழிந்தும் கம்ப்யூட்டர் மறக்காமல் கேள்வி கேட்டது. அவருக்கு முகம் கறுத்தது.

"முப்பது நாள் ஓய்வுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். ரெண்டாம் நாளே எழுந்து உக்காந்தா என்ன அர்த்தம்? கமிஷனுக்கு என்ன மரியாதை?"

சால்வையை விலக்கி, மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே புதுப் பேட்டரி பளபளத்தது. ஸ்லோபோதங்கா நேர்மையின் மறுவுருவம். "சார், நேத்து 412 குடுத்துட்டேன்," என்றார்.

"நேத்து இந்தக் கம்ப்யூட்டர் பழுது. பதிவுல இருக்கு. பழுதான கம்ப்யூட்டர்லேர்ந்து எப்படிச் சான்று வரும்? அது சான்றே இல்ல. ரத்து!"

ரத்து உத்தரவை, ஆள் நகராட்சி எல்லைக்குள் இருக்கும்போதே கையில் கொடுக்க வேண்டும் என்பது விதி. பஸ் எல்லையிலிருக்கும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் செல்லாது. மணி அப்போது இரண்டு. ஆனால் எதையும் முறைப்படி செய்ய வேண்டாமா? முதலில் பழுதை மீட்டார்கள். கால்நடை மருத்துவர் கன்றுக்குப் பல் பிடுங்குவதுபோல் பதமாகப் பேட்டரியைப் பிடுங்கினார். பிளக்கை உருவிச் சற்றுப் பொறுத்துச் சொருகினார்கள். கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்காமல் பழையதற்குள் போய் உட்கார்ந்தது. மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"சரி, இப்ப ரத்து உத்தரவை அச்சடிங்க," என்றார் ரத்தோமிர்.

ஸ்லோபோதங்கா திரையில் பழையதைப் பார்த்தார், பிறகு பிரிண்டரைப் பார்த்தார்.

"எதுல சார்?" என்றார் ஸ்லோபோதங்கா.

"மாடியில வரித் துறை பிரிண்டர் இருக்கே?"

"நம்ம எண் அதுல வராது சார்."

"கையால எழுதிடுங்க!"

"கையால எழுதினது செல்லாதுன்னு போன மாசம் நீங்கதான் சார் சுற்றறிக்கை விட்டீங்க."

ரத்தோமிர் சுவரில் சாய்ந்து நின்ற வுகோமானிடம் திரும்பினார். குரலில் தேன். "வுகோமான், ரெண்டே நிமிஷம் அதைச் சரி பண்ணுங்க. அச்சடிச்சிட்டு மறுபடி பழுதாக்கிடலாம்."

வுகோமான் சுவரை விட்டு நிமிர்ந்தார். ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. ஆனாலும் சொன்னார். "தொடக்கூடாதுன்னு தீர்மானம் இருக்கு சார். வேணும்னா கமிஷனைக் கூட்டித் திருத்துங்க."

"இதோ, மூணு பேரும் இங்கதானே இருக்கோம்! திருத்தியாச்சு!"

"திருத்தின தீர்மானத்தை அச்சடிக்கணுமே சார்."

"உன் வேலை போயிடும், தெரியுமா?"

"அந்த உத்தரவையும் அச்சடிக்கணும் சார்."

ரத்தோமிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஸ்லோபோதங்கா அவருக்குக் காப்பி கொண்டுவந்தார். கால்நடை மருத்துவர் விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். மூன்று, நாலு, ஐந்து என்று மணி அடித்தது. ஐந்தே காலுக்கு லுப்லியானா பஸ் பாலத்தைத் தாண்டியது. பிறந்தவள் என்பதற்கு ஆதாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நெவேனா போய்விட்டாள்.

முப்பது நாள் முடிந்ததும் முறைப்படி சால்வையை எடுத்தார்கள், முறைப்படி வுகோமானிடமே பேட்டரியைப் போடச் சொன்னார்கள். அலுவலகம் முழு வீச்சில் இயங்கத் தொடங்கியது, ஜனங்கள் மறுபடி வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். பதினேழு வருஷத்தில் அந்த அலுவலகம் கலினோவோவுக்குச் செய்த ஆகப் பெரிய சேவை எது என்று வுகோமானைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டிலிருந்து ஐந்தேகால் வரை, அந்த அலுவலகத்தால் ஒன்றும் செய்ய முடியாமல் போனதுதான்.