பெஞ்சுக்கு அடியில் ஒரு சுரங்கம்

ஏற்காட்டில் நிலக்கரிச் சுரங்கம் வெட்டிய ஒரே ஆள் எங்கள் கரி மாஸ்டர்தான். அதுவும் நாலாம் வகுப்பு பெஞ்சுகளுக்கு அடியில்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் பள்ளியில் அவர் டிரில் மாஸ்டர். ஆனால் மனுஷனுக்கு நிலக்கரி மேல் அப்படியொரு பைத்தியம். சேலம் ஜங்ஷனில் எஞ்சின் டிரைவர்களைக் கெஞ்சி ஒரு மூட்டை கரி வாங்கி, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, அதற்கும் டிக்கெட் எடுத்து மலையேற்றினார்.

நான் அங்கே தற்காலிக டீச்சர். இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் தங்கச்சிகளை வைத்துக்கொண்டு அம்மா கையைப் பிசைய வேண்டியதுதான். பாடமோ நிலக்கரி. அடுப்புக்கரியைத் தவிர வேறு கரியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

"நொம்ப யோசிக்காதீங்க டீச்சரம்மா. எங்கிட்ட உடுங்க" என்றார் கரி மாஸ்டர். பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு, மேலே எஸ்டேட் கம்பளிகளைப் போர்த்தி, உள்ளே கரியைக் கொட்டினார். பிள்ளைகள் டார்ச்சோடு தவழ்ந்து போய், அவர் சொல்லும் கரிக் கதைகளைக் கேட்டபடி அள்ளி வந்தார்கள். எல்லாம் காப்பித் தோட்டத்துப் பிள்ளைகள். கொண்டுவந்த கரியைக் காப்பிக்கொட்டை காயப் போடுவதுபோல வெயிலில் பரப்பிக் கிளறிவிட்டார்கள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே!

ஹெட்மாஸ்டரோடு இன்ஸ்பெக்டர் வந்தார். "கரியை வெட்டி எடுத்ததும் என்ன பண்ணுவாங்க?"

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். "களத்துல காயப் போடோணுமுங்க சார். மழை வந்தா அள்ளோணும்."

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

வாசலில் நின்ற கரி மாஸ்டர் உள்ளே வந்தார். "ஏனுங்க சார், இவங்க ஊட்ல எதைப் பறிச்சாலும் காயப் போடுறதுதானுங்க வழக்கம். ஒருக்கா சுரங்கத்துக்குள்ள போயிட்டு வந்து கேளுங்க" என்று கம்பளியைத் தூக்கிப் பிடித்து விசில் ஊதினார். என்ன மாயமோ, அவ்வளவு பெரிய ஆபீசர் தவழ்ந்து உள்ளே போனார்.

பிள்ளைகளும் பின்னாலேயே புகுந்தார்கள். அதுவரை பூட்டிக் கிடந்த வாயெல்லாம் திறந்துகொண்டது.

"தலையைக் குனிங்க சார், மேல இடிஞ்சு உளுந்துரும்."

"தீக்குச்சி உரசிராதீங்க, வாயு பத்திக்கும்."

"இதெல்லாம் பல கோடி வருசத்துக்கு முந்தி காடுங்க சார். மண்ணுல பொதைஞ்சு கரியாயிருச்சு."

"இதை எரிச்சுத் தண்ணியக் கொதிக்க வச்சு, அந்த ஆவியில சக்கரத்தைச் சுத்தித்தான் கரண்ட் எடுக்கறாங்க."

மறுபக்கம் வெளியே வந்தபோது இன்ஸ்பெக்டரின் வெள்ளைச் சட்டையும் முகமும் ஒரே நிறம். எங்கள் ஹெட்மாஸ்டருக்கு மூச்சே நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் அவரிடம், "இந்த டீச்சர் இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

கரி மாஸ்டருக்கு நன்றி சொல்ல ஓடினேன். குழாயடியில் பிள்ளைகளுக்கு வரிசையாக முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். "நன்றியெல்லாம் என்னத்துக்குங்க? அந்த சோப்பை எடுங்க டீச்சரம்மா" என்றார்.

அந்தச் சம்பளத்தில்தான் தங்கச்சிகள் கரையேறினார்கள். நான் ரிடையர் ஆன அன்று பள்ளியில் எனக்கு ரோஜா மாலை போட்டார்கள். அது அவர் கழுத்தில் விழுந்திருக்க வேண்டிய மாலை.