பெட்டிப் பொரியில் ஒரு தலைக் கார்த்திகை

என் கை சும்மா இருக்காது. டிவி பார்க்க உட்கார்ந்தாலும் மடியில் ஒரு முறம் வேண்டும். எதையாவது புடைத்துக்கொண்டிருந்தால்தான் எனக்குக் கதையே புரியும். இந்தக் கை எனக்கு வாங்கிக் கொடுத்த நல்ல பெயர் ஊர் அறிந்தது. கெட்ட பெயர் என்று ஒன்றே ஒன்று. அது வேங்கிக்காலில், ஒரு மொட்டை மாடியில், அண்ணாமலையார் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கிடைத்தது.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். ஆனாலும் இதை நானே எழுதினால்தான் சரியாக இருக்கும். என் சம்பந்தி இந்தக் கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி ஜாஸ்தியாகவே போட்டுச் சொல்கிறார். (எதில் ஒரு பிடி என்பது போகப் போகத் தெரியும்.)

எங்களுக்கு ஊர் அடி அண்ணாமலை. கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டை. (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) கார்த்திகை வந்தால் ஊரில் பாதி வீட்டுக்கு நான்தான் பாகு பார்க்கப் போவேன். என் பொரி உருண்டை கையில் உதிராது, பல்லில் ஒட்டாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கலர் டிவி வந்ததற்கு அடுத்த வருஷம் ஆவணியில் என் பெண் செல்வியை வேங்கிக்காலில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு அரசாங்க ஆபீஸில் வேலை. புது வீடு, மொட்டை மாடி, உள்ளே ஃபிரிட்ஜ். சம்பந்தி அம்மாள் அந்தக் காலத்து பி.ஏ. அவருடைய மூத்த மகள் அமெரிக்காவில் இருந்தாள். குரலை உயர்த்திப் பேசவே மாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

தலைத் தீபாவளிக்கு வந்திருந்த செல்வி, நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"இன்னாடி, மாமியார் திட்றாங்களா?"

"திட்டினாக்கூடத் தேவலைம்மா. நான் வெச்ச குழம்பை ஊத்திக்கினு ஒரு வாய் சாப்புடுவாங்க. அப்புறம், 'பரவால்ல, பழகிடும்'னு சொல்வாங்க. டெய்லி சொல்றாங்கம்மா."

நான் பிழிந்த முறுக்கு வட்டத்தை விட்டு எட்டுப் போட்டுவிட்டது. என்னிடம் சமையல் கற்றவளைப் பார்த்துப் பழகிடுமாமே!

தீபாவளி முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொண்டுபோய் விட நானும் போனேன். சம்பந்தி அம்மாள் எனக்கு ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார். படம் போட்ட அட்டைப் பெட்டியிலிருந்து எதையோ அதில் கொட்டி மேலே பாலை ஊற்றினார். கிண்ணம் சடசடவென்று பேச ஆரம்பித்தது. நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன்.

"பயப்படாதீங்க சம்பந்தியம்மா, அது அப்படித்தான் சத்தம் போடும். அமெரிக்காவுல காலையில இதான் டிபன். பொண்ணு அனுப்பியிருக்கா."

ஒரு வாய் போட்டேன். "பொரிதானுங்களே இது?"

"பொரி மாதிரிதான் இருக்கும். ஆனா இது வேற. மேல சர்க்கரை, தேன் எல்லாம் பூசியிருப்பாங்க. உங்க பக்கம்லாம் கிடைக்காது."

உங்க பக்கம். வேங்கிக்காலுக்கும் அடி அண்ணாமலைக்கும் நடுவில் என்ன கடலா இருக்கிறது? அந்த இடத்தில் பாலைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் என் நாக்கும் என் கையைப் போலத்தான்.

"இதுல எத்தினியோ விதம் செய்யலாங்க. தலைக் கார்த்திகைக்கு சீர் எடுத்தாறேன் பாருங்க, இந்தப் பெட்டிப் பொரியிலேயே உருண்டை புடிச்சு எடுத்தாறேன்."

பின்னாலிருந்து செல்வி என் முந்தானையை இழுத்தாள். அதற்குள் சம்பந்தி அம்மாள் அலமாரியைத் திறந்து மிச்சமிருந்த பெட்டிகளையெல்லாம் பையில் போட்டுவிட்டார். (அந்த வீட்டில் யாருக்குமே அது பிடிக்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.)

"நல்லதாப் போச்சு. அக்கம்பக்கத்துல எல்லாரையும் மாடிக்கு வரச் சொல்றேன். எங்க மாடியிலேருந்து தீபம் நல்லா தெரியும்."

வாசல் வரை வந்த செல்வி காதோடு சொன்னாள்: "அம்மா, அவ்ளோ பேர் எதிர்ல எதுனா ஆச்சுன்னா, அப்புறம் நான் அந்த வூட்டு அடுப்பாண்ட நிக்கவே முடியாதும்மா."

"உங்கம்மா யாருன்னு மறந்துட்டியாடி?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் பொரி உப்புமா. சாதாப் பொரியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துதான் தாளிப்போம். இதை நனைத்தேன், பிழியக் கை விட்டால் பாத்திரத்தில் ஒன்றுமே இல்லை. கஞ்சி மட்டும் இருந்தது. அடுத்து, போண்டாவை அதில் புரட்டி எண்ணெயில் போட்டேன். சர்க்கரை கருகி, ஒவ்வொரு போண்டாவும் கரடிக்குட்டி போல எழுந்து வந்தது. பிறகு கேக். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் கண்ணாடி வழியாகப் பார்த்த பழக்கம்தான். குக்கரில் மணலைக் கொட்டி, வெயிட் போடாமல், மைதா, வெல்லம், பெட்டிப் பொரி கலந்த கிண்ணத்தை உள்ளே இறக்கினேன். வெளியே எடுத்ததைக் கோழிக்குப் போட்டேன். அது ஒரு கொத்துக் கொத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஒன்று மட்டும் பலித்தது. பூண்டைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், வறுத்த மல்லாட்டையோடு ஒரு புரட்டுப் புரட்டி இறக்கினேன். இனிப்பும் காரமுமாக அதை என் வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தார். அதில்தான் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

"பச்ச," என்றார் அவர். என் பெயர் பச்சையம்மாள். "தின்றதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா சீருக்கு சாதாப் பொரியிலேயே புடிச்சு எடுத்துக்கினு போயேன். எதுக்கு வம்பு?"

"நீங்க உங்க மாட்டைப் பாருங்க" என்றேன்.

தீபத்துக்கு முன் நாள் மழை பிடித்துக்கொண்டது. தீபத்தன்று காலையில் எழுந்து பெட்டிகளைப் பார்த்தால், நான் பிரித்து வைத்திருந்த பொரியெல்லாம் நமுத்துப்போய்ப் பஞ்சாகக் கிடந்தது. ஒன்றை அழுத்தினால் அப்படியே அமுங்கியது. சத்தம் போடுகிற பொரிக்கு சத்தமே போய்விட்டது. வெயில் இல்லை. மத்தியானம் பஸ் பிடிக்க வேண்டும். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

பொரி நமுத்தால் எங்கள் வீட்டில் யாரும் கவலைப்பட மாட்டோம். மல்லாட்டை வறுக்கிற மணல் எப்போதும் தயாராக இருக்கும். ஆற்று மணல், சலித்துக் கழுவிக் காயவைத்தது. இரும்புச் சட்டியில் அதைச் சூடேற்றி, பொரியைக் கொட்டி இரண்டு கிளறு கிளறி, சல்லடையில் அள்ளினால் மணல் கீழே போய்விடும், பொரி மொறமொறவென்று மேலே நிற்கும். எத்தனையோ மழைக்காலம் பார்த்த வித்தை. அதையே செய்தேன். சல்லடையிலிருந்து மணல் கொட்டியது. பொரி மறுபடியும் மொறுமொறுத்தது. அண்ணாமலையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

சர்க்கரையும் தேனும் சூட்டில் இளகும், இளகினது மணலைப் பிடித்துக்கொள்ளும் என்பது என் கும்பிட்ட கைக்குத் தோன்றவில்லை. அந்தப் பொரியின் நிறமும் மணலின் நிறமும் ஒன்று. மேலே வெல்லப்பாகும் போட்டாயிற்று. அப்புறம் பிரம்மாவே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒன்றைக் கடித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எப்படிப் பார்ப்பது? சாமிக்குப் படைக்கப் போவதை முன்னால் வாயில் வைக்கலாமா? அதோடு அன்று விரதம் வேறு. உருண்டைகளை எவர்சில்வர் தூக்கில் அடுக்கினேன். புடவை, வேட்டி, பழம், அகல் விளக்கு எல்லாவற்றோடும் கிளம்பினோம். அவர் சாதாப் பொரி மூட்டையைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முறைத்தேன்.

வேங்கிக்கால் மாடியில் ஜமக்காளம் விரித்திருந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்திருந்தார்கள், எல்லாரும் காலையிலிருந்து சாப்பிடாதவர்கள். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. விலகுமா விலகாதா என்று அவர்கள் மலையைப் பார்த்தார்கள். நான் தூக்கைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன், எழுந்தேன். செல்வி கைப்பிடிச் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மேகம் விலகியது. உச்சியில் ஒரு பொட்டுப் போலத் தீபம் ஏறியது. ஊர் முழுக்க "அரோகரா" என்று ஒரே குரல். மாடியில் விளக்கேற்றி, உருண்டைகளைப் படைத்து, கற்பூரம் காட்டினார்கள். சம்பந்தி அம்மாள் தன் கையாலேயே எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்.

"எங்க சம்பந்தியம்மா அமெரிக்கா பொரியில செஞ்சது" என்றார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எல்லாரும் ஒன்றாகக் கடித்தார்கள்.

முதலில் அது பெட்டிப் பொரியின் சத்தம் என்றுதான் நினைத்தேன். சத்தம் போடுகிற பொரிதானே. ஆனால் பாலில் அது சடசட என்றது. இங்கே நறநற என்றது. ரோடு போடுகிற இடத்தில் கேட்குமே, அந்தச் சத்தம்.

யாரும் துப்பவில்லை. எப்படித் துப்புவார்கள்? விரதம் இருந்து, தீபத்தைப் பார்த்து, இரண்டு கையாலும் வாங்கிய பிரசாதம். மென்றார்கள். மலையைப் பார்த்துக்கொண்டே மென்றார்கள். எதிர்வீட்டு அம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்திலிருந்தவர் அதைப் பக்தி என்று நினைத்துத் தானும் கையெடுத்துக் கும்பிட்டார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "பச்ச, மல்லாட்டை மணலா?"

"வாயை மூடுங்க."

"மூடினாதான் நறநறங்குது."

அப்போதுதான் நானும் கடித்தேன். பல்லில் பட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சட்டி, சூடு, சர்க்கரை, தேன், என் வாய்க்கொழுப்பு எல்லாமே. அந்த மாடியில் ஒரு ஓட்டை இருந்திருந்தால் அதன் வழியாக இறங்கி வயல் வழியே வீட்டுக்கு ஓடியிருப்பேன்.

எல்லாரும் சம்பந்தி அம்மாளைப் பார்த்தார்கள். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தன் உருண்டையை முழுசாக மென்று விழுங்கினாள். விழுங்கிவிட்டு, தட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்தாள்.

"எங்கம்மா கைப்பக்குவம், அத்தை" என்றாள்.

சம்பந்தி அம்மாள் மென்றதை விழுங்கினார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். செல்வியின் கையிலிருந்த இரண்டாவது உருண்டையை மெதுவாக வாங்கித் தட்டிலேயே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பரவால்ல சம்பந்தியம்மா. பழகிடும்."

திடீரென்று செல்வி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நான் பதறி எழுந்தால், அவள் சிரிக்கிறாள். அவளைப் பார்த்து அந்த பி.ஏ. அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பல்லெல்லாம் மணல். மாமியாரும் மருமகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விழுங்கின பிறகு வாய் கொப்பளித்தால் அது துப்பினதாக ஆகாது என்று சம்பந்தி ஐயா தீர்ப்புச் சொன்னார். அவ்வளவுதான், மாடிக் குழாயடியில் வரிசை நின்றது.

கீழே செல்வி செய்து வைத்திருந்த சாதமும் சாம்பாரும் இருந்தன. சம்பந்தி அம்மாள் ஒரு வாய் வைத்தார். நானும் செல்வியும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்பாடா!" என்றார் அவர். "செல்வி, இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. உங்கம்மாவை விட நீ எவ்வளவோ தேவலை."

எதிர்வீட்டு அம்மா மூன்று தடவை சாம்பார் வாங்கினார். மணலுக்கு அப்புறம் வாயில் எதை வைத்தாலும் அமிர்தம்தான், அது வேறு விஷயம். அன்றோடு அந்த வீட்டில் செல்வியைப் பார்த்து யாரும் பழகிடும் என்று சொன்னதில்லை. அந்த வார்த்தை என் பெயருக்கு மாறிவிட்டது.

பல வருஷம் கழித்து அந்த மாடியில் ஒரு ரூம் கட்டினார்கள். வாசலில் மணல் லாரி வந்து நின்றதும், சம்பந்தி அம்மாள் தெருவே கேட்கும்படி உள்ளே குரல் கொடுத்தாராம். குரலை உயர்த்தாத அம்மாள்!

"செல்வி! உங்கம்மா வீட்டு சீர் வந்திருக்கு பாரு. பின்னால கொட்டச் சொல்லு!"

இப்போதும் கார்த்திகைக்கு நான் சாதாப் பொரியில்தான் உருண்டை கொண்டுபோகிறேன். சம்பந்தி அம்மாள் முதல் உருண்டையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் பெண்ணின் சமையலுக்கு ஒரே சாயங்காலத்தில் வேங்கிக்கால் முழுக்க நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது யார்? தலைக் கார்த்திகைக்கு எந்தத் தாய் அதைவிடப் பெரிய சீர் செய்துவிட்டாள்?