பழைய தெர்மோஸ்டாட் ஒன்று தேவை

கடலூரில் மர நிழல் கணக்கெடுப்பு அலுவலகம் என்று ஒன்று உண்டு. அதற்கு ஒரு பழைய ஜீப்பும், ஜீப்புக்கு மணவாளன் என்ற டிரைவரும் உண்டு. மாவட்டத்தில் எந்த மரத்தின் நிழல் எவ்வளவு நீளம் என்று மேலிடத்துக்குத் தெரிவிக்கும் மகத்தான பணி இவ்விருவரையும் நம்பித்தான் நடந்தது.

அந்த ஜீப் கொஞ்ச நாளாக டீசலை மாடு கழுநீர் குடிப்பதுபோல் குடித்தது. தணிக்கைக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். 'வீண்செலவு தொடர்ந்தால் வாகனம் நிறுத்தப்படும். வாகனமில்லா ஓட்டுநர் ராமநாதபுரத்துக்கு மாற்றப்படுவார்' என்று குறிப்பு வந்தது. கடலூர் செம்மண்டலத்தில் அப்போதுதான் தையல் கடை திறந்திருந்த மணவாளனின் மனைவி பொன்னி, "போறதுன்னா நீங்க மட்டும் போய்க்குங்க" என்று சொல்லிவிட்டாள். மணவாளன் அன்றைக்கே ஜீப்பை மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனார்.

குறிஞ்சிப்பாடி மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். "தெர்மோஸ்டாட்டே இல்லண்ணே. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குன்னு எவனோ எப்பவோ கழட்டிட்டான். இன்ஜின் சூடே ஏறல, டீசல் போவத்தான் போவும். புதுசு எழுநூறு ரூபா."

இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் பிடித்துவைக்கும் சின்ன மூடிதான் தெர்மோஸ்டாட். நன்றாகச் சூடு பட்டால்தான் திறக்கும். கேட்டதும் மணவாளனுக்குத் தன் ஆபீஸ் ஞாபகம் வந்தது.

ஸ்டோர் கிளார்க் ஜெயப்பிரகாஷ் கையை நீட்டினார். "பழசைக் குடு மாமா, புதுசு எழுதுறேன்."

"பழசு இல்ல மாப்ள. அதனாலதான புதுசு கேக்குறேன்."

"இல்லாதத எப்படி மாத்துறது? மாத்தணும்னா மொதல்ல அது இருக்கணும்ல?"

"எங்காசுல வாங்கிப் போட்டுக்கட்டா?"

"அரசாங்க வண்டில தனியார் பொருளா! வேலை போயிடும் மாமா."

சட்டம் சட்டம்தான். மணவாளன் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அப்துல் வதூது, ஒரு தெர்மோஸ்டாட்டைத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"ஆயிரத்து இருநூறுண்ணே."

"புதுசே எழுநூறுதான பாய்!"

"புதுசு எல்லாக் கடையிலயும் கெடைக்கும். பழசு கெடைக்குமா? ஆபீஸ்காரங்க தேடி வர்றாங்க, டிமாண்ட் ஜாஸ்தி."

முனகிக்கொண்டே வாங்கிவந்து ஒப்படைத்தார். ஜெயப்பிரகாஷ் கடமையில் குறை வைக்காதவர். டீக்கடையிலிருந்து கொதிக்கிற வெந்நீர் வாங்கிவந்து அதில் போட்டுப் பார்த்தார். மூடி அழகாகத் திறந்தது.

"மாமா, இது நல்லாருக்கே! நல்லாருக்கறத மாத்த முடியாது."

"அப்ப இதையே ஜீப்புல மாட்டிடறேன், குடு."

"ஒப்படைச்சதத் திருப்பித் தர விதி இல்ல."

விவகாரம் அதிகாரி அருள்மொழி மேடத்திடம் போயிற்று. அவர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டி, ஆழ்ந்து யோசித்து, "இது பழுதாகணும், அவ்வளவுதானே?" என்றார். சுத்தியல் வாங்க ஒப்புதல் கிடைத்தது. மேற்படி பொருள், மேடத்தின் முன்னிலையில், முறைப்படி நசுக்கப்பட்டது. மூவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

புதுசு வந்தது. ஜீப் சமத்தாக ஓடியது, டீசல் செலவு மளமளவென்று குறைந்தது. மணவாளன் சந்தோஷத்தில் திருவதிகைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். வந்தால் மேலிடத்துக் கடிதம் காத்திருந்தது. 'டீசல் ஒதுக்கீடு மீதமாவதால் தங்கள் அலுவலகத்தில் போதிய வேலை இல்லையெனக் கருதப்படுகிறது. ஓட்டுநர் உட்பட அனைவரையும் ராமநாதபுரத்துக்கு மாற்றுவது பரிசீலனையில் உள்ளது.'

மேடம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மணவாளன், அதை உடனே கழட்டுங்க."

"டீசல் ஏறுனா மறுபடி ஆடிட் வருமே மேடம்?"

"வரட்டும். புதுசு கேட்டு எழுதுவோம்."

மணவாளன் தன் கையாலேயே கழற்றிக் கொண்டுவந்தார். ஜெயப்பிரகாஷுக்கு முகமெல்லாம் பல். "இந்தத் தடவை சிதம்பரம் போற அலைச்சல் இல்ல மாமா. ஒப்படைக்கறதுக்குப் பழசு நம்மகிட்டயே இருக்கு!"

"இது நல்லா வேலை செய்யுதே மாப்ள?"

ஜெயப்பிரகாஷ் பீரோவைத் திறந்தார். நம்பர் போட்டு, ஸ்டாக்கில் ஏற்றி, பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது சுத்தியல். பொன்னியின் தையல் கடையை நினைத்துக்கொண்டு மணவாளனே அதைக் கையில் எடுத்தார்.