மலைக்குப் புதுசுங்களா?

கல்யாணமாகி வந்து பல வருஷம் வரைக்கும் ஏற்காட்டு மலைப்பாதையை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறேன், பார்த்ததுதான் இல்லை. ஆத்தூர்ப் பக்கம் பிறந்த எனக்கு முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வயிறு தொண்டைக்கு வந்துவிடும். அதனால் அடிவாரத்தைத் தொட்டதும் கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் கவர், கண் இரண்டும் இறுக மூடல். ஊர் வந்ததும் வீட்டுக்காரர் தோளைத் தட்டுவார், திறப்பேன். (எங்கள் கல்யாண வீடியோவில் மணப்பெண் மலையேறும் காட்சியில் என் முகமே இல்லை. கவர்தான் இருக்கிறது.)

இதை முதலிலேயே ஒப்புக்கொள்ளக் காரணம் உண்டு. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டதால்தான் ஒரு நாள் ஒரு டாக்டர், எங்கள் ஊரான வெள்ளக்கடையின் தாய்மார்கள் பாதிப் பேர், ஓர் அண்டா தக்காளி சாதம் ஆகியோர் முன்னிலையில் என் மானம் போனது.

அப்போது என் மகளுக்கு மூன்றரை வயது. யாழினி என்று ஆசையாகப் பெயர் வைத்திருந்தோம். பெயர்தான் வாத்தியத்தின் பெயர், சத்தம் வரவில்லை. அம்மா, அப்பா, பால், வேண்டாம், இன்னும் சில. அதற்குமேல் சரக்கு இல்லை. கிளியூரில் இருக்கும் என் ஓரகத்தியின் மகனுக்கும் இவளுக்கும் ஒரே வயது. அவன் போனில் பாட்டுப் பாடுவான், கதை சொல்வான், என்னிடமே நலம் விசாரிப்பான். அவன் பேசி முடித்ததும் ஓரகத்தி போனை வாங்கி, "உங்க பாப்பா இப்பப் பேசறாளுங்களாக்கா?" என்பாள். நல்ல மனசோடுதான் கேட்பாள். எனக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்காது.

மற்ற விஷயங்களில் யாழினி கெட்டி. யாருடைய செருப்பு எது என்று சோடி சேர்த்து வாசலில் வைப்பாள். களத்தில் காயும் காப்பிக்கொட்டையைக் காலாலேயே கிளறி விடுவாள். நான் வாழைப்பழத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, "இது என்ன சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று நின்றால், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு, தாரிலிருந்து வேறு பழம் பறித்துக்கொள்வாள். எங்கள் பேச்சுப் பயிற்சி பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

அவளுக்கு வாயைத் திறக்கப் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான். அவள் அப்பாவின் பிக்கப் வண்டி. என் வீட்டுக்காரர் தோட்டத்துக் காய்களையும் ஆரஞ்சையும் டவுனுக்கு ஏற்றிப் போகிறவர். பக்கத்து ஓட்டமென்றால் அவளையும் கூட்டிப் போவார். வளைவு வந்தால் ஹாரன் அடிப்பது அவள் வேலை. "கண்ணு, வளைவு" என்பார், இவள் எட்டி அமுக்குவாள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்று "பாம்ம்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அப்படியே நிற்பாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். பிள்ளை அம்மா என்று கூப்பிடாமல் லாரி மாதிரி சத்தம் போட்டால் எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்? வாயால் பேசு என்று அதட்டுவேன். அவள் பேசாமல் திரும்பிப் போய்விடுவாள்.

இந்த நிலைமையில்தான், பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்க அங்கன்வாடிக்கு டாக்டர் வருகிறார் என்று செய்தி வந்தது. பேச்சு வராத பிள்ளைகளைச் சேலத்துக்கு அனுப்புவார்களாம். சேலத்துக்கு அனுப்பினால் ஊருக்குத் தெரியும், கிளியூருக்குத் தெரியும், 'அந்த ஊட்டுப் பாப்பாவுக்குப் பேச்சு வராது' என்று ஒரு பட்டம் அவள் முதுகில் ஒட்டிவிடும். அதற்குப் பிறகு யார் கிழித்தெறிவது? எப்படியாவது இந்தச் சோதனையில் இவளைத் தேற வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஐ.ஏ.எஸ். தேர்வுக்குக்கூட யாரும் அப்படித் தயார் செய்திருக்க மாட்டார்கள். கோடு போட்டு நடக்கவிட்டேன், ஒற்றைக்காலில் நிற்கவிட்டேன், பட்டன் போடவிட்டேன். பாட்டு மட்டும் நான் பாடினேன், அவள் கேட்டாள்.

"உடு சாமி, அது பேசறப்பப் பேசும்" என்றார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, ஓரகத்தியின் போன் அவருக்கா வருகிறது?

அன்று காலை பனி விலகுவதற்குள் கிளம்பிவிட்டோம். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். (அங்கன்வாடிக்கு எதற்குப் பட்டு என்று இன்றுவரை வீட்டில் கேட்கிறார்கள். தாய் பளபளவென்று இருந்தால் பிள்ளைக்கு மதிப்பெண் கூடும் என்று எப்படியோ மண்டையில் ஏறியிருந்தது.)

எங்கள் அங்கன்வாடி ரோட்டுக்கு மேலே சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து குறுகலான கல்படி ஏறித்தான் போக வேண்டும். சமையல் கொட்டகை கீழே ரோட்டோரம். டாக்டர் சின்ன வயதுப் பெண், சேலத்திலிருந்து வந்தவர், சாந்தமான முகம். பாப்பா எத்தனை வார்த்தை பேசுவாள் என்று கேட்டார். நிறையப் பேசுவாள் என்றேன். சேர்த்துப் பேசுவாளா என்றார். பாட்டே பாடுவாள் என்று சொல்லித் தொலைத்தேன். எங்கே, ஒன்று பாடட்டும் என்றார். யாழினி கூரையைப் பார்த்தாள். எடுத்துக் கொடுத்தால் பாடிவிடுவாள் என்று நான் முதல் வரியைப் பாடினேன். பிறகு இரண்டாம் வரி. கடைசியில் பட்டுப்புடவையோடு கையை ஆட்டி, யானை மாதிரி அசைந்து, முழுப் பாட்டையும் நானே பாடி முடித்தேன். பின்னால் இரண்டு தாய்மார்கள் கை தட்டினார்கள். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார்.

அடுத்து சாக்பீஸ் கோடு. யாழினி அழகாக நடந்தாள். என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கோடு திரும்பும் இடம் வந்தது. நின்றாள்.

"பாம்ம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். யாழினி நகரவில்லை, எதற்கோ காத்திருந்தாள். டாக்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார், அப்போதும் இல்லை. நான் முந்திக்கொண்டு, "சளிங்க டாக்டர், காது அடைச்சிருக்குது" என்றேன். எத்தனை நாளாக என்று அவர் சட்டென்று கேட்டார். அவர் குரல் மாறியதும் பயந்து, சளியெல்லாம் இல்லை, கூச்சம் என்றேன். கூச்சத்தில் ஹாரன் அடிப்பாளா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று என்று, சாயம் போகிற துணியைத் திரும்பத் திரும்பத் துவைப்பது மாதிரி நான் விஷயத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் படி இறங்குவது. டாக்டர் கீழே போய் நின்றுகொண்டார். நானும் யாழினியும் மேலே. வா பாப்பா, இறங்கி வா என்று கூப்பிட்டார். யாழினி ஒரு படி இறங்கினாள். அந்த நேரம் பார்த்து அங்கன்வாடி ஆயா, மத்தியானத்துக்கான தக்காளி சாத அண்டாவை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து ஏற ஆரம்பித்தார். யாழினி நின்றாள். ஓரமாக ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டாக்டர் மறுபடி கூப்பிட்டார். இவள் அசையவில்லை.

போச்சு, படியில்கூட இறங்கத் தெரியாத பிள்ளை என்று எழுதிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. நானே இறங்கிக் காட்டினால் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று நினைத்தேன். "இங்க பாரு சாமி, அம்மாவைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே, அவளைத் தாண்டி விறுவிறுவென்று இறங்கினேன். அவளைப் பார்த்துக்கொண்டே இறங்கியதால் ஆயாவைப் பார்க்கவில்லை.

அண்டா கவிழவில்லை என்று பின்னால் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். கவிழ்ந்தது. ஆயா சாமர்த்தியமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் மட்டும் மூன்று படி சறுக்கி, பட்டுப்புடவையோடு தக்காளி சாதத்தின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தேன். அப்போது மேலேயிருந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அச்சு அசல் அவள் அப்பாவின் குரலில் ஒரு அதட்டல் வந்தது.

"ஏனுங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி உடோணும்னு தெரியாதுங்களா? மலைக்குப் புதுசுங்களா?"

என் மகள்தான். எப்போது திறக்கும் என்று மூன்றரை வருஷமாக நான் தவமிருந்த வாய் அது.

என் வீட்டுக்காரரின் அகராதியில் இருப்பதிலேயே மோசமான வசவு அதுதான். சமவெளியிலிருந்து வரும் கீழ்நாட்டுக் கார்க்காரர்கள் மலைப்பாதையில் வழி விடாமல் முட்டிக்கொண்டு நின்றால், ஜன்னலை இறக்கி அதைத்தான் கேட்பாராம். மலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழி விட வேண்டும். வளைவில் ஹாரன் அடித்துவிட்டு, எதிரே பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த எனக்குத்தான் தெரியவில்லை. என் பிள்ளை சமையலறை வாசலில் ஹாரன் அடித்துவிட்டு நின்றதெல்லாம் எதற்கு என்பது, தக்காளி சாதத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பதிலுக்காக நின்றிருக்கிறாள். நான் அதட்டி விரட்டியிருக்கிறேன்.

டாக்டர் என்னைத் தூக்கிவிட வந்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் முகம் சிவந்திருந்தது. ஆனால் கேட்டது வேறு. "இதுக்கு முன்னாடி இப்படிப் பேசியிருக்காளா? உண்மையைச் சொல்லுங்கம்மா."

"இல்லீங்க" என்றேன். அன்று காலையிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை. சொன்னதும் அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், பழம் பறித்தது வரைக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது, பிள்ளை பேசிவிட்டாள் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அப்பா பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்கிறாள், நல்ல விஷயம்தான், ஆனால் தன் மனசில் இருப்பதைத் தன் வார்த்தையில் சொல்ல அவளுக்கு உதவி வேண்டும் என்றார். காதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். சேலத்துக்கு வரச் சொன்னார். நான் எதற்குப் பயந்து இத்தனை கூத்தடித்தேனோ அதுவேதான். என் பொய்கள் பலித்திருந்தால் அவளுக்கு அந்த உதவி கிடைக்காமலே போயிருக்கும்.

பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாடு போய்விட்டதே என்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். டவுன் பேக்கரியிலிருந்து பன்னும் வர்க்கி பிஸ்கட்டும் பிக்கப்பில் அள்ளிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னைப் பார்த்தாலே பிள்ளைகளின் முகம் மலரும். ஒரு பொடியன், மறுபடி எப்போது விழுவீர்கள் என்று நேராகவே கேட்டான்.

வாராவாரம் சேலம் போனோம். காதில் கோளாறு இல்லை. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா பிள்ளையைவிட எனக்குத்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தார். ஒன்றைக் கேட்டால் பதில் வரும்வரை பேசாமல் இருங்கள், நீங்களே பதில் சொல்லாதீர்கள் என்றார். அது ஒற்றைக்காலில் நிற்பதைவிடக் கஷ்டம். வாய் துறுதுறுக்கும், புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் அவள் ஹாரன் அடித்தால் நானும் பதிலுக்கு ஒன்று அடித்தேன். சிரித்துக்கொண்டு உள்ளே ஓடிவருவாள். கொஞ்ச நாளில் ஹாரனோடு ஒரு வார்த்தையும் சேர்ந்து வந்தது. தண்ணி. பசி. பாம்ம், பூனை.

மழை விட்ட ஒரு சாயங்காலம். சேலத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல எலுமிச்சம்பழமும் கையுமாகக் கண்ணை மூடியிருந்தேன். என் கன்னத்தில் சின்னக் கை பட்டது.

"அம்மா, கண்ணத் தொற. மேகம் கீழ கெடக்குது."

யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் அப்பா ஜன்னலை இறக்கிச் சொன்னதில்லை. அவளே பார்த்தது, அவளே சொன்னது. திறந்தேன். மேகம் நிஜமாகவே கீழேதான் கிடந்தது. வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். அழுவதற்கா, பழைய காரணத்துக்கா என்று தெரியாமல் கவரையும் எடுத்துக் கையில் கொடுத்தார். இரண்டுக்கும் பயன்பட்டது.

இப்போது யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சர் வருத்தப்படுகிறார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, வெளியே வந்து சிரிக்கிறேன். சொந்தக்காரர்கள் விசேஷத்தில் நான் சோற்றுப் பாத்திரத்தோடு எழுந்தால், பந்தியில் யாராவது ஒருவர், "ஏனுங்க, மலைக்குப் புதுசுங்களா?" என்று குரல் கொடுக்காமல் இருப்பதில்லை. என் ஓரகத்திதான் முதல் ஆள்.

போன வாரம் யாழினி பள்ளியில் நடந்த சண்டையை விவரித்துக்கொண்டிருந்தாள். நான் பாதியிலேயே புகுந்து, யார் மேல் தப்பு, அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்றெல்லாம் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிறுத்தினாள். இடுப்பில் கை வைத்தாள்.

"பாம்ம்" என்றாள், என்னையே பார்த்துக்கொண்டு.

நான் வாயை மூடிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். ஏறி வருகிறவள் அவள்தானே.